தகடு வெட்ட ஒரு நல்ல ஹோல்சா: குன்னூரில் வாங்கியதும் கொடுத்த விலையும்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில், கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்பராமரிப்பு பார்க்கிறேன். இரும்புத் தகட்டில் வட்டத் துளை போடாமல் எங்கள் வேலை நகராது. பேனல் கதவில் புஷ் பட்டனுக்கும் சிக்னல் விளக்குக்கும் 22 மில்லிமீட்டர். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டுக்கு 20 அல்லது 25. இலை வாட்டும் தொட்டியின் விசிறிக்குப் புது ஸ்டார்ட்டர் மாட்டினால் அதன் பெட்டிக்கு அடியில் ஒன்று. டிரையருக்குப் போகும் சூடான காற்றுப் பாதையில் வெப்பமானி நுழைக்க இன்னொன்று. இந்த வேலைகளுக்கு எந்த ஹோல்சா (டிரில்லில் மாட்டி வட்டத் துளை வெட்டும், பல் வைத்த வளையம்) நல்லது, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மரத்துக்கும் டைலுக்கும் வாங்குபவர்களுக்கு வேறு கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட் வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய அளவை மட்டும், பைமெட்டல் (இரட்டை உலோக) வகையில், தனித்தனியாக வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை ஆர்பரில் போடுங்கள். குன்னூர் கடையில் நான் எடுத்த 22 மி.மீ. ஸ்டாரெட் நிறுவன ஹோல்சாவுக்கு 480 ரூபாய் கொடுத்தேன். ஆர்பருக்கு 620 ரூபாய். ஹோல்சாவைவிட அதைப் பிடிக்கும் தண்டுக்கு விலை அதிகமா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். ஆர்பர் ஒரு முறை வாங்குவது. ஹோல்சா தேயும், மாற்றுவோம்; ஆர்பர் அப்படியே இருக்கும். அதிலேயே ஆட்டம் இருந்தால் எவ்வளவு உயர்ந்த ஹோல்சாவை மாட்டினாலும் துளை நீள்வட்டமாகத்தான் வரும்.

செட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மலையில் பாதிப் பட்டறைகளில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிதான் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கறுப்பு வளையங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தட்டு, ஒரு திருகு. 350 ரூபாய்க்குப் பதினொரு அளவு என்றால் யாருக்கும் கை போகும். எங்கள் தொழிற்சாலைக்கும் முன்பு ஒன்று இணையத்தில் வாங்கி வந்திருந்தார்கள். பெட்டியின் மேல் இரும்புத் தகட்டில் துளை போடும் படம் அச்சாகியிருந்தது. உள்ளே இருந்தது சாதாரணக் கார்பன் ஸ்டீல். அது ஒட்டுப்பலகைக்கும் பிளாஸ்டர் போர்டுக்கும் ஆன பொருள். கார்பன் ஸ்டீல் பல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கடினத்தை இழக்கத் தொடங்குகிறது. 16 கேஜ் தகட்டில், அதாவது 1.6 மி.மீ. கனத்தில், எண்ணெய் இல்லாமல் அரை நிமிடம் ஓட்டினால் அந்தச் சூடு தானாக வந்துவிடும். பல்லின் நுனி நீலமாக மாறும். அந்த நிறம் வந்தால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு அது வெட்டாது, தேய்க்கும். பாதி வெட்டிய வட்டத்தோடு பேனல் கதவு நிற்கும், மீதியை அரத்தால் ராவி முடிக்க வேண்டும். இரும்புக்கு ஆகாத பொருளின் பெட்டியில் இரும்பின் படத்தை அச்சிட்டு விற்பது தவறு. அதை நம்பி வாங்குகிறவர் பெரும்பாலும் புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞராக இருக்கிறார், அதுதான் எனக்கு வருத்தம்.

பைமெட்டல் என்பது இரண்டு உலோகம். பற்கள் ஹைஸ்பீடு ஸ்டீல், உடம்பு வளைந்து கொடுக்கும் கலப்பு எஃகு. இரண்டையும் ஓரத்தில் பற்றவைத்து, வளையமாகச் சுருட்டுகிறார்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் 600 டிகிரி அளவு வரை கடினம் குறையாமல் நிற்கும். தரமான வகையில் பல்லுக்கு எம்42 என்ற எஃகைப் போடுகிறார்கள், அதில் 8 சதவீதம் கோபால்ட் இருக்கும். உடம்பு முழுவதும் அதே கடினத்தில் செய்தால் ஒரு சிக்கலுக்கே முறிந்துவிடும். ஆகவேதான் இந்த இரட்டை ஏற்பாடு. வண்ணம் அடிக்காத இடத்தில் உற்றுப் பார்த்தால் பல்லுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று வளையம் முழுவதும் ஓடுவது தெரியும். அதுதான் பற்றவைப்பு. பற்களையும் பாருங்கள்: ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் சாய்த்து, ஒன்றை நேராக விட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். பற்களின் இடைவெளி மட்டும் வேண்டுமென்றே சமமில்லாமல் இருக்கும், அங்குலத்துக்கு நான்கும் ஆறுமாக மாறி மாறி. அதிர்வைக் குறைப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள், குறை என்று நினைத்து ஒதுக்க வேண்டாம்.

நான் வாங்கிய கடை குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மார்க்கெட் பக்கம் இருக்கிறது. சின்னக் கடை. முன்னால் பைப்பும் வால்வும் தொங்கும், டூல்ஸ் எல்லாம் உள்ளே கண்ணாடி அலமாரியில். உரிமையாளர் என்னைவிட இளையவர். ஹோல்சா என்றதும் அவர் முதலில் விலையைச் சொல்லவில்லை. “எந்தத் தகடு, எத்தனை கேஜ், எந்த மெஷினில் மாட்டப் போகிறீர்கள், அண்ணா?” என்று கேட்டார். இந்த மூன்று கேள்வியைக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். அதற்குமேல் அவர் செய்த ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உறையைப் பிரித்து, ஹோல்சாவை ஆர்பரில் முழுதாக ஏற்றி, நடுவில் இருக்கும் பைலட் டிரில்லின் நுனியை மேஜை மேல் ஊன்றி விரலால் சுழற்றிக் காட்டினார். பல் வரிசை மேலும் கீழும் ஆடாமல் ஒரே மட்டத்தில் ஓடியது. பக்கத்தில் பெயரில்லாத இன்னொன்றையும் சுழற்றிக் காட்டினார். அது கண்ணுக்குத் தெரிந்தே ஆடியது. அதன் விலை 190 ரூபாய். “கேட்பவர்களுக்காக வைத்திருக்கிறேன், நானாக எடுத்துக் கொடுப்பதில்லை” என்றார்.

பாஷ் ஹோல்சாவும் அங்கே இருந்தது, விலை சற்று அதிகம். கையில் வைத்துப் பார்த்தவரை இரண்டும் நல்ல பொருள்தான். நான் கேட்ட அளவு ஸ்டாரெட்டில் உடனே இருந்ததால் அதை எடுத்தேன்.

ஆர்பர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கடையில் யாரும் சொல்லாதவை. 14 முதல் 30 மி.மீ. வரையுள்ள ஹோல்சாவின் அடியில் அரை அங்குல மரை இருக்கும், அங்குலத்துக்கு 20 புரி. 32 மி.மீ. முதல் மரை எட்டில் ஐந்து அங்குலத்துக்கு, அதாவது 5/8 அங்குலத்துக்கு மாறும், 18 புரி. கூடவே அடித்தட்டில் இரண்டு குத்தூசிகள் நுழையும் துளைகள் இருக்கும். ஆகவே பேனல் வேலைக்கு ஒரு ஆர்பர், தண்ணீர்த் தொட்டி, பைப் வேலைக்கு இன்னொரு ஆர்பர். ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் ஓட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. இரண்டாவது, டிரில்லின் பிடிவாயான சக்கில் போகும் தண்டு. சில ஆர்பர்களின் அறுகோணத் தண்டு 9.5 மி.மீ., சிலவற்றில் 11 மி.மீ. உங்களிடம் இருப்பது 10 மி.மீ. சக் உள்ள டிரில் என்றால் 11 மி.மீ. தண்டு நுழையவே நுழையாது. டிரில்லைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும் நடுவில் இருக்கும் பைலட் டிரில். முறிவது பெரும்பாலும் அதுதான். அதன் அளவு கால் அங்குலம், 6.35 மி.மீ. நம் மலைக் கடைகளில் 6 மி.மீ. பிட்டும் 6.5 மி.மீ. பிட்டும் எப்போதும் கிடைக்கும். 6.5 அந்தத் துளைக்குள் போகாது. 6 போகும், ஆனால் தளர்ந்து ஆடும், வட்டம் கெடும். “கால் இஞ்ச்” என்று கேட்டு வாங்குங்கள், ஹோல்சா வாங்கும் அன்றே உபரியாக இரண்டு எடுத்து வையுங்கள். நான் எடுத்தது ஒன்று 60 ரூபாய். பைலட் டிரில் திருகால் இறுக்கியதாக, மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஆர்பரோடு சேர்த்தே பொருத்தியிருந்தால் வாங்க வேண்டாம்.

இனி ஓட்டும் விதம். நல்ல ஹோல்சா ஒரே நாளில் பாழாவது பெரும்பாலும் வேகத்தால்தான். 22 மி.மீ. பைமெட்டலை எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) தகட்டில் நிமிடத்துக்கு 390 சுற்றுக்குப் பக்கமாக ஓட்ட வேண்டும். 25 மி.மீ.க்கு 350. 38 மி.மீ.க்கு 230. 51 மி.மீ.க்கு 170 போதும். அளவு கூடக்கூடச் சுற்று குறைய வேண்டும், ஏனென்றால் பெரிய வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் பல் அதே ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுகிறது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் இதிலும் பாதி. நாம் சாதாரணமாக வைத்திருக்கும் 13 மி.மீ. இம்பாக்ட் டிரில் முழு வேகத்தில் 2,800 சுற்றுக்குப் பக்கம் போகும். விசையை முழுதாக அழுத்தி ஹோல்சாவைத் தகட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு கியர் உள்ள பேட்டரி டிரில்லின் முதல் கியர் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். பெரும்பாலும் 400, 500 சுற்றுக்குள் நின்றுவிடும். சுத்தியல் குறி போட்ட நிலையில் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

நான் செய்யும் முறை இது. சென்டர் பஞ்ச் அடிக்கிறேன். கால் அங்குல பிட்டால் முதலில் தனியாக ஒரு துளை போட்டுவிடுகிறேன். பைலட் டிரில் அதில் வழிகாட்டியாக மட்டும் இருந்தால் போதும், அதன் ஆயுள் கூடும். பேனல் கதவுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்து கிளாம்ப் போடுகிறேன். கட்டிங் ஆயிலை வட்டம் முழுவதும் விட்டு, மெதுவாகச் சுழற்றி, பல் தகட்டில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பதிந்த பிறகே அழுத்தம் கொடுக்கிறேன். அழுத்தம் தைரியமாக இருக்க வேண்டும். பயந்து லேசாகப் பிடித்தால் பல் கடிக்காமல் தேய்த்துக்கொண்டே இருக்கும், சூடு ஏறும். நன்றாக வெட்டுகிறதா என்பதை வெளியே வரும் இரும்பு சொல்லிவிடும்: சின்னச் சின்னச் சுருளாக வந்தால் சரி, மாவுபோலத் தூளாக வந்தால் நிறுத்திவிட்டுப் பல்லைப் பாருங்கள். நடுவில் தூக்கித் தூக்கிச் சுருளை வெளியேற்ற வேண்டும். வார்ப்பிரும்புக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்கிறது.

கையுறை போட்டுக்கொண்டு டிரில்லைப் பிடிக்காதீர்கள். சுழலும் பாகத்தில் துணி சிக்கினால் விரலை இழுத்துக்கொண்டு போகும். டிரில்லின் பக்கக் கைப்பிடியைக் கழற்றிப் போட்டிருப்பவர்கள் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். துளை முடியும் தறுவாயில் பல் மாட்டிக்கொண்டால் டிரில்லே திரும்பும், மணிக்கட்டு தாங்காது. கண்ணாடி அணியாமல் என்னோடு வேலை செய்யும் தம்பிகளை நான் டிரில்லைத் தொடவிடுவதில்லை.

சின்ன அளவு ஹோல்சாக்களில் எல்லாருக்கும் வரும் தொல்லை, வேலை முடிந்த பிறகு அது ஆர்பரில் இறுகிக் கழற்ற முடியாமல் போவது. சுழலும் திசையிலேயே மரையும் இறுகுவதால் வருவது அது. நான் நடுவில் ஒரு மெல்லிய வாஷரைப் போட்டுவிடுகிறேன், கையாலேயே கழன்றுவிடுகிறது. உள்ளே மாட்டிய தகட்டு வில்லையைப் பக்கத் துவாரம் வழியாக ஸ்க்ரூ டிரைவரால் தள்ளலாம். துவாரம் அகலமாக இருக்கும் ஹோல்சாவாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எஸ்.எஸ். தகட்டுக்கு நான் பைமெட்டலைக் கொண்டுபோவதில்லை. 304 வகை எஸ்.எஸ். தேய்க்கத் தேய்க்க இறுகும் குணம் உள்ளது; ஒரு நொடி பல் வெட்டாமல் உரசினால் அந்த இடம் கல்லாகிவிடும். அதற்கு டி.சி.டி. என்று கேளுங்கள், பல் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்தது. பற்கள் குறைவாக, கனமாக இருக்கும். தகட்டு வேலைக்கான வகையில் வெட்டி முடித்ததும் உள்ளே போய் இடிக்காமல் தடுக்க ஒரு விளிம்பும், வில்லையை வெளியே தள்ள ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். 25 மி.மீ. டி.சி.டி.க்கு 540 ரூபாய் கொடுத்தேன், ஆர்பர் அதிலேயே சேர்ந்தது. 18 கேஜ் எஸ்.எஸ். தொட்டியில் பிசிறு மிகக் குறைவாக வெட்டியது. ஆனால் கார்பைடு நொறுங்கும் தன்மை உடையது. டிரில்லைச் சாய்த்துப் பிடித்தாலோ, கீழே போட்டாலோ பல் தெறித்துவிடும். ஆகவே பழகாத கையில் அதைக் கொடுக்க வேண்டாம். இது கடையில் இருப்பு இல்லை, சொல்லிவைத்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மலைக் கடைகளில் இந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது.

மெல்லிய தகட்டில், 2 மி.மீ.க்குள், 20, 25 அளவு மட்டும் போடுபவர்களுக்கு ஹோல்சாவே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் ஒன்று வாங்கினால் எல்லா அளவும் அதிலேயே வரும், ஓரமும் சுத்தமாக இருக்கும். கனமான தகடு, ஆங்கிள், பைப், 32-க்கு மேற்பட்ட வட்டம் என்று வரும்போதுதான் ஹோல்சாவின் அருமை தெரியும்.

ஏற்கெனவே இருக்கும் துளையைப் பெரிதாக்கும் வேலை அடிக்கடி வரும். நடுவில் பைலட் டிரில் ஊன்ற இடமே இருக்காது. ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றில் வேண்டிய அளவு வட்டத்தை முதலில் வெட்டி, அதைத் தகட்டின் மேல் கிளாம்ப் போட்டுப் பிடித்து, அந்த வட்டத்துக்குள் ஹோல்சாவை விட்டு ஓட்டினால் நகராமல் வெட்டும். பைலட் டிரில்லைக் கழற்றிவிட்டே ஓட்டலாம்.

விலைக்கு வருகிறேன். இதே 22 மி.மீ. ஹோல்சா கோயம்புத்தூரில் 420 ரூபாய்க்குக் கிடைப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 60 ரூபாய் வித்தியாசம். அதற்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாகப் போய்வந்தால் பஸ் கட்டணமே அதைத் தின்றுவிடும், ஒரு நாள் வேலையும் போகும். பத்து, பதினைந்து அளவு சேர்த்து வாங்குவதென்றால் மட்டும் கோவைக்குப் போவது லாபம். இணையத்தில் 30, 40 ரூபாய் குறைவாகப் போட்டிருந்தார்கள். பல்லைத் தொட்டுப் பார்க்க வழியில்லை, சுழற்றிப் பார்க்கவும் வழியில்லை. வெட்டும் கருவியை ஒரு முறை தகட்டில் வைத்துவிட்டால் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படி இருக்கும்போது வாங்குவதற்கு முன் கையில் கொடுத்துச் சுழற்றிக் காட்டுகிற கடைக்கு அந்தக் கூடுதல் 60 ரூபாயை நான் மனமாரக் கொடுப்பேன். பில் கேட்டு வாங்குங்கள். விலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது, தொழிற்சாலைக்கோ பட்டறைக்கோ பதிவு எண் இருந்தால் அதை வரவு எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் 20 ரூபாய் குறைத்து வாங்குவதைவிட இது மேல்.

புதுப் பேனல் ஒன்றின் எல்லாப் பட்டன் துளைகளையும், பிறகு இரண்டு ஸ்டார்ட்டர் பெட்டிகளையும் இந்த ஒரே ஹோல்சாவால் போட்டாயிற்று. பல் இன்னும் கூராகவே இருக்கிறது. துளை 22-ஐவிட ஒரு மயிரிழை பெரிதாக வருகிறது. கையில் பிடிக்கும் டிரில்லில் அது எப்போதும் இருப்பதுதான், புஷ் பட்டன் அரம் போடாமல் நேராக உட்காருகிறது. குறை என்று சொன்னால் வண்ணப்பூச்சு சீக்கிரம் உரிந்துவிட்டது. உரிந்த இடத்தில் நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்கும். மூடுபனிக் காலத்தில் பட்டறைக்குள்ளேயே இரும்பு வியர்க்கிற இடம் இது. வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் நனைத்த துணியில் சுற்றி வைக்கிறோம். வெட்டிய ஓரத்துக்கும் இதே கதிதான். ஜி.ஐ. ஷீட்டில் துளை போட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, பெட்டி கூரைக்கு வெளியே நிற்பதானால் அன்றே ஜிங்க் பிரைமர் தடவாமல் கிளாண்டை மாட்டக் கூடாது.

அடுத்து வாங்க வேண்டியது 60 மி.மீ., இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்புக்கு. அந்தப் பைப்பின் வெளி விட்டம் 60.3 மி.மீ., ஆகவே 60 போதாது, 64 எடுங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். 5/8 மரை ஆர்பரோடு சேர்த்து 1,750 ரூபாய் கேட்கிறார். ஆர்பரைச் சுழற்றிப் பார்த்துவிட்டு வாங்குவேன்.